மைக்காரர் சொன்ன பெயர்

நீர்வேலி,
வெள்ளிக்கிழமை, பின்னேரம்.

என் மகனுக்கு,

உன் கடிதம் காலையில் வந்தது. வாசித்தேன், குசினிக்குள் போய் உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வந்து மறுபடியும் வாசித்தேன். ஊர்த் தலைமை பார்க்கிற விதானை வேலை கிடைத்து இன்னும் கதிரை சூடாகவில்லை, அதற்குள் ஒரு களவு வந்து நிற்கிறது என்று எழுதியிருக்கிறாய். கடை முதலாளி வீட்டுத் தங்க அட்டியல் காணாமல் போயிற்று. மை பார்க்கிற ஒருவரைக் கூட்டி வந்தார்கள். அவர் வெற்றிலையில் மையைத் தடவி உற்றுப் பார்த்து, அந்த வீட்டுக்கு நெல்லுக் குற்ற வருகிற பெண்ணின் பெயரைச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை அவளைப் பொலிசில் ஒப்படைக்க வேண்டும் என்று முதலாளி பிடிவாதமாக நிற்கிறார். இதில் என் யோசனை என்ன என்று கேட்டிருக்கிறாய். கேட்டிருக்கிறாய் என்பதைவிட, செய்யப்போவதைச் சொல்லிவிட்டு என் தலையாட்டலுக்குக் காத்திருக்கிறாய் என்பதுதான் சரி. "எனக்கு இப்படியான சங்கதிகளில் நம்பிக்கை இல்லை அம்மா, ஆனால் அந்த மனுசன் சொன்னதெல்லாம் சரியாக இருக்கிறதே, அதை எப்படி விளங்கிக்கொள்வது?" என்று எழுதியிருக்கிறாய் பார், அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு கடதாசியைச் செலவழிக்கப் போகிறேன். என் தலை ஆடாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தம்பி, (நீ விதானையார் ஆனாலும் என் வாய்க்குத் தம்பிதான்) அவர் சரியாகச் சொன்னார் என்று நீ எழுதியவற்றையே எடுத்துக்கொள்வோம். கிணற்றடியில் ஒரு முருங்கை நிற்கிறது என்றார், நின்றது. இந்தக் குடும்பத்தில் தண்ணீரால் ஒரு சாவு நடந்திருக்கிறது என்றார். முதலாளியின் சித்தப்பா தோணி கவிழ்ந்து போனவர். அலுமாரியைப் பூட்டித் திறக்கிற திறப்பு வீட்டுக்காரியின் தலையணைக்குக் கீழே இருக்கும் என்றார், இருந்தது. இப்போது நீ எழுந்து போய் உன் பிரிவில் எந்த வீட்டுப் படலையையாவது திறந்து பார். கிணற்றடியில் முருங்கை இல்லாத வளவு உண்டா? சுற்றிவரக் கடல், வளவுக்கு வளவு கிணறு. தண்ணீர் ஒருவரையாவது கொண்டுபோகாத குடும்பம் எது? தலையணைக்குக் கீழே திறப்பு வைக்காத பெண்ணை நான் இன்னும் காணவில்லை. என்னுடையதும் அங்கேதான் இருக்கிறது; நீ என் பிள்ளை என்பதால் சொல்கிறேன், வந்து களவெடுத்துவிடாதே. இன்னொன்றையும் யோசி. சரிவந்தவற்றை எல்லாம் வரிசையாக எழுதினாய், சரிவராதவை எத்தனை என்று எழுதவில்லை. வெற்றிலை வாடும்வரைக்கும் வாய் மூடாமல் கதைத்தவர் மூன்று சங்கதிதானா சொல்லியிருப்பார்? மற்றவை எங்கே போயின? கேட்டவர்கள் அந்த இடத்திலேயே மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இந்த வீட்டுக் கிணற்றின் கதை உனக்குத் தெரியுமோ தெரியாது. இது என் சீதனக் காணி. இங்கே கிணறு வெட்ட என் ஐயா ஒரு நீரோட்டம் பார்க்கிறவரைக் கூட்டி வந்தார். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு வளவெல்லாம் நடப்பார். தேங்காய் எங்கே நிமிர்ந்து நிற்கிறதோ அங்கே தண்ணீர். ஒரு கிணறாவது பிழைத்ததில்லை என்று பெயரெடுத்தவர். தேங்காய் வடக்கு வேலியோரம் நிமிர்ந்தது. ஆனால் அங்கே மாட்டுக் கொட்டில் போட வேண்டும் என்று என் ஐயாவுக்கு யோசனை. அந்த மனுசனுக்குக் கூலியையும் கொடுத்து அனுப்பிவிட்டு, தனக்கு வசதியான இடத்தில், நீ இப்போதும் வந்து முகம் கழுவுகிற அந்த இடத்தில் வெட்டினார். தண்ணீர் வந்தது. வராமல் எங்கே போகும்? எங்கள் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக் கல், கல்லுக்குக் கீழே தண்ணீர். குருடன் காட்டின இடத்தில் வெட்டினாலும் வரும். எங்களுக்கு உள்ள கேள்வி தண்ணீர் உண்டா என்பது இல்லை, நல்ல தண்ணீரா உவர்த் தண்ணீரா என்பதுதான். அதை என் ஐயா அவரிடம் கேட்டபோது, "உது மேலை உள்ளவன்ரை செயல், நான் என்னத்தைச் சொல்லுறது?" என்றாராம். தவறவே முடியாத இடத்தில் தவறாதவனுக்கு என்ன பெருமை? உவர் ஊறின அரியாலைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போய் நல்ல தண்ணீர் காட்டச் சொல்லியிருந்தால், அப்போது அந்தத் தேங்காய்க்கு நானும் ஒரு கும்பிடு போட்டிருப்பேன்.

ஆளை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. கேட்கிற நாங்களும் அதற்கு ஒத்துப்போகிறோம். உன் ஐயாவை எனக்குப் பேசியபோது அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். ஐயர் கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் அம்மனுக்குச் சம்மதம். சிவப்பு வந்தது. மாப்பிள்ளை நல்ல இடம், விட மனமில்லை. ஐயர் அவசரப்பட்டு எடுத்துவிட்டார் என்று சொல்லித் திரும்பக் கட்டினார்கள். திரும்பவும் சிவப்பு. இராகுகாலம் இன்னும் கழியவில்லை என்று யாரோ சொன்னார்கள். கொஞ்சநேரம் இருந்து மறுபடி கட்டினார்கள். வெள்ளை வந்தது. "அம்மன் வாய் திறந்து சொல்லிப்போட்டா!" என்று என் ஐயா கண்கலங்கினார். அப்படித்தான் உன் ஐயா எனக்குக் கிடைத்தார். வெள்ளை வரும்வரை கட்டினால் வெள்ளை வந்தே தீரும் என்பது அந்தக் கோயிலில் நின்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, ஆனால் மாப்பிள்ளையை நான் ஒருமுறை கண்டிருந்தேன், ஆகையால் பேசாமல் நின்றேன்.

இனி நான் எழுத வந்த சங்கதிக்கு வருகிறேன். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்கு வருவது. ஆனால் இந்த வீட்டுக் கட்டட வேலை முடியாததால், கலியாணமான புதிதில் நான் அச்சுவேலியில் உன் ஐயாவின் வீட்டில் போயிருக்க வேண்டியதாயிற்று. அங்கே உன் அப்பப்பாவும், உன் ஐயாவின் தமக்கை பெரிய மாமியும் இருந்தார்கள். பெரிய மாமியின் புருசன் மலாயாவில் உத்தியோகம். அவர் அங்கிருந்து கொண்டுவந்து கொடுத்த கல்லுத் தோட்டில் ஒன்று, கோயில் கொடியேற்றத்துக்குப் போட எடுத்தபோது பெட்டியில் இல்லை. வீடு முழுக்கப் புரட்டினோம். மாமிக்கு என்னோடு பகை ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் ஒரு வீட்டில் எது புதிதோ அதன்மேல்தான் முதலில் கண் போகும். அந்த வீட்டில் புதிது நான். மூன்றாம் நாள் மை பார்க்கிறவர் வந்தார். வந்தவரைப் பெரிய மாமி படலையிலேயே மறித்து நெடுநேரம் கதைத்துக்கொண்டு நின்றதைக் குசினி யன்னலால் நான் பார்த்தேன். என்ன கதைத்தார்கள் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை, ஏனென்றால் உள்ளே வந்து வெற்றிலையில் மையைத் தடவியவர், முதலில் கிணற்றைச் சொன்னார், முருங்கையைச் சொன்னார், கடல் கடந்து இருக்கிற ஒரு ஆம்பிளையைச் சொன்னார். எல்லாம் சரி என்று மாமி தலையாட்டினா. பிறகு, "வெளியாலை வந்த பெம்பிளை. இந்த வீட்டுச் சோத்திலை இன்னும் ஊறேல்லை" என்றார். பிறகு என் பெயரைச் சொன்னார்.

ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. உன் ஐயா கிணற்றடியில் துலாக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். கயிற்றை விட்டார், பிடித்தார், ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். கலியாணத்துக்கு முன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஒருவர் விடையை மட்டும் சொன்னால் வழியைக் காட்டு என்று கேட்கிற பழக்கம் எனக்கு இருந்தது. "மாமா, ஒண்டு கேக்கலாமோ?" என்று உன் அப்பப்பாவைக் கேட்டேன். "கள்ளியைக் கண்டுபிடிக்கிறவருக்கு ஒரு மோதிரத்தைக் கண்டுபிடிக்கிறது பெரிய வேலையோ? நான் ஒளிக்கிறன், இவர் மையிலை பாத்துச் சொல்லட்டும்."

"உவளின்ரை வாயைப் பாருங்கோ அப்பு!" என்று பெரிய மாமி எழும்பினா.

"பொறு பிள்ளை, அவள் கேக்கிறதிலை என்ன பிழை?" என்றார் உன் அப்பப்பா.

முற்றத்தில் மூன்று தேங்காய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்தேன். மைக்காரரை அறைக்குள் இருத்திக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, என் மோதிரத்தை நடுச் சிரட்டைக்குக் கீழே வைத்தேன். அவர் வெளியே வந்தார், மையைப் பார்த்தார், விரலை நீட்டினார். நடுச் சிரட்டை. பெரிய மாமி "பாத்தியளோ!" என்று கத்தியது இப்போதும் காதுக்குள் இருக்கிறது. தம்பி, வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: அந்தக் கணத்தில், நான்தான் எடுத்து எங்கேயோ வைத்துவிட்டு மறந்துவிட்டேனோ என்று எனக்கே ஒரு எண்ணம் ஓடிற்று. ஒரு குருட்டு ஊகம் சரியாகிப்போனால் அதற்கு அவ்வளவு பலம். பிறகு மனம் கொஞ்சம் நிதானத்துக்கு வந்தது. மூன்று சிரட்டையில் கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தாலும் மூன்று தரத்தில் ஒரு தரம் சரிவரும். அது மட்டுமா, ஒளிக்கிறவள் ஏன் நடுவில் ஒளித்தாள்? என் கை தானாக நடுவுக்குப் போனது. ஆரைக் கேட்டாலும் அநேகம் பேர் நடுவில்தான் வைப்பார்கள். அது அவருக்கும் தெரிந்திருக்கும். அப்படிப் பார்த்தால் அவருடைய வேலை இன்னும் சுலபமாகிவிட்டது.

"இன்னொருக்கால் காட்டட்டும் மாமா," என்றேன்.

"ஒருக்காச் சரியாச் சொன்னது காணாதோ? உனக்கு எத்தினை தரம் வேணும்?" என்றா மாமி.

"மூண்டு சிரட்டைக்கு ஒருக்காக் காணாது மச்சாள்."

இந்த முறை இடத்தை நான் தெரிந்தெடுக்கவில்லை. மூன்று புளியங்கொட்டைகளை எடுத்து, ஒன்றுக்குக் கரி பூசினேன், ஒன்றுக்குச் சுண்ணாம்பு பூசினேன், மற்றதைச் சும்மா விட்டேன். கரி வந்தால் இடது சிரட்டை, சுண்ணாம்பு வந்தால் வலது, வெறும் கொட்டை வந்தால் நடு. மைக்காரர் அறைக்குள் போனபிறகு உன் அப்பப்பாவே கண்ணை மூடி ஒரு கொட்டையை எடுத்து, தன் கையாலேயே மோதிரத்தை வைத்தார். கரி. மைக்காரர் வந்து நடுவைக் காட்டினார். சிரட்டையை நிமிர்த்தினால் வெறும் மண். மறுபடியும் எடுத்தோம், திரும்பவும் கரியே வந்தது. ஒரே இடத்தில் இரண்டு தரம் ஆரும் வைக்கமாட்டார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, வலதைக் காட்டினார். அங்கேயும் இல்லை. உடனே வெற்றிலையை மடித்துவிட்டு, வளவுக்குள் ஆரோ துடக்குத் தீட்டோடு நிற்கிறார்கள், மை மறைக்கிறது என்றார். சரிவந்தால் மை காட்டியது, பிழைத்தால் மை மறைத்தது. தோற்க முடியாத ஆட்டம். "காணும். உமக்கு உரியதை வாங்கிக்கொண்டு போட்டு வாரும்," என்று உன் அப்பப்பா அவரை அனுப்பிவிட்டார்.

நான் வென்றுவிட்டேன் என்றுதான் அன்று நினைத்தேன். அந்த வயதில் எனக்கு அவ்வளவுதான் விளங்கியது. அன்று பின்னேரமே வேலிக்கு அந்தப் பக்கம் பெரிய மாமி சொல்வது கேட்டது: "எண்டாலும் முதல்தரம் சரியாத்தானே சொன்னவர்." ஊர் அந்த முதல்தரத்தை மட்டும் தூக்கிக்கொண்டு போயிற்று. பிழைத்த இரண்டும் அந்த முற்றத்தோடு போயின. கதவுகூட இன்னும் மாட்டாத இந்த வீட்டுக்கு நான் அடுத்த கிழமையே வந்து குடியிருந்தேன். நல்லதுக்கும் கெட்டதுக்கும் மாமி இங்கே வந்து போனா, நானும் அங்கே போய்வந்தேன். ஆனால் நான் அறைக்குள் போனால் அவ அலுமாரியைப் பூட்டுகிற சத்தம், அவ கண்மூடும் வரைக்கும் கேட்டது. தோடு இன்றுவரை கிடைக்கவில்லை. எலி இழுத்ததோ, கிணற்றுக்குள் விழுந்ததோ, எனக்குத் தெரியாது.

இப்போது உன் கேள்விக்குக் கணக்காகவே பதில் சொல்கிறேன். மூன்று சிரட்டையில் ஒரு தரம் சரிவருவது மூன்றில் ஒன்று. அடுத்தடுத்து இரண்டு தரம் சரிவருவது ஒன்பதில் ஒன்று. மூன்று தரமும் என்றால் இருபத்தேழில் ஒன்று. அதிசயம் என்று சொல்லலாமா? ஒரே ஆளை முதலில் இருத்தி வைத்து, இனிச் செய் பார்ப்போம் என்று சொல்லி, மூன்று தரமும் சரிவந்தால் நானும் நிமிர்ந்து உட்காருவேன். யார் எட்டிப் பார்த்தது என்றும் தேடுவேன். ஆனால் தீவுப் பக்கத்திலிருந்து தென்மராட்சி வரை எத்தனை மைக்காரர் இருக்கிறார்கள்? அவர்களில் எவரோ ஒருவருக்குச் சும்மா குருட்டுவாக்கில் மூன்றும் சரிவரத்தான் செய்யும். பிழைத்தவர்கள் தங்கள் ஊரோடு இருந்துவிடுவார்கள். சரிவந்தவரைத்தான் உன் முதலாளி வண்டி கட்டி அழைத்து வருவார். ஆகையால் உன் முன் வந்து நிற்கிறவர் கெட்டிக்காரரா, மிச்சமாக நின்ற அதிர்ஷ்டக்காரரா என்பதை அவருடைய பழைய பெயரை வைத்துச் சொல்ல முடியாது. உன் கண்முன் திரும்பவும் செய்யச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் இரண்டு பிள்ளைகள் ஒரே சரியான விடையை எழுதினால் நான் பேசாமல் இருப்பேன். சரியான விடை ஒன்றுதானே, இருவரும் அங்கேதான் வந்துசேர வேண்டும். இருவரும் ஒரே விசித்திரமான பிழையை எழுதினால்தான் பார்த்தெழுதினது ஆர் என்று கேட்பேன். சரிவந்தது என்பதோடு நிற்காதே தம்பி. ஒன்றும் தெரியாதவன் சொல்லியிருந்தாலும் இது சரிவந்திருக்குமா என்று கேள். ஆம் என்றால், சொன்னவனுக்கு ஏதோ தெரியும் என்று நினைக்க இடமில்லை. பெயரும் அப்படித்தான். நெல்லுக் குற்றுகிறவள் மேல் வீட்டாருக்கு ஏற்கெனவே ஐமிச்சம் இருந்ததா என்று விசாரி. அச்சுவேலி வீட்டில் அந்த மனுசனுக்கு மையில் தெரிந்தது நான் இல்லை, பெரிய மாமியின் மனம்.

உன் ஐயா முற்றத்தில் வாழைநார் கிழித்துக்கொண்டிருக்கிறார். இவ்வளவு நேரம் ஆருக்கு எழுதுகிறாய் என்று கேட்டார். சொன்னேன். அவர் அன்று ஏன் வாயைத் திறக்கவில்லை என்று நான் கேட்டதே நீ பிறந்து நெடுநாள் கழித்துத்தான். "மை உண்மையைச் சொல்லிப்போடுமோ எண்டு பயந்தனான்," என்றார். என்னை நம்பாமல் இல்லை, மையை நம்பாமல் இருக்கவும் அவரால் முடியவில்லை. நல்ல மனுசன், என்மேல் ஒருநாளும் கைநீட்டினதில்லை; ஆனால் அந்தக் கிணற்றடி மௌனத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை, அதுவும் உண்மை. இப்போது கேட்கிறார், "என்னைப் பற்றியும் எழுதுறியோ?" "ஓம்," என்றேன். கொஞ்ச நேரம் நாரைக் கிழித்தார். "எழுது," என்றார்.

அன்று என் பக்கத்தில் கணக்கு இருந்தது, வாய் இருந்தது, நியாயம் கேட்கிற ஒரு மாமா இருந்தார். அந்தப் பெண்ணுக்கு என்ன இருக்கிறது? அவளும் "இன்னொருக்கால் காட்டட்டும்" என்று முதலாளி வீட்டு முற்றத்தில் நின்று கேட்க முடியுமா? கேட்டால் உலக்கையையும் பிடுங்கிக்கொண்டு அனுப்புவார்கள். திங்கட்கிழமை நீ அவளைக் கூட்டிக்கொண்டு பொலிசுக்கு நடந்தால், பிறகு வழக்குத் தள்ளுபடியானாலும், அந்த ஊரில் எந்த வீட்டுப் படலையும் அவளுக்குத் திறக்காது. அவள் எடுத்திருக்கவும் கூடும். எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியாது, மைக்காரருக்கும் தெரியாது. கண்டவர் உண்டா, விற்ற இடம் உண்டா, உருக்கின தட்டார் உண்டா என்று தேடு. அதற்குத்தான் உன்னை அந்தக் கதிரையில் இருத்தியிருக்கிறார்கள். முதலாளியின் கோபத்துக்குப் பயப்படாதே. பயந்து பேசாமல் நின்றால் என்ன நடக்கும் என்று உனக்கு எழுதிவிட்டேன்.

இன்னும் ஒன்று. நீ இளந்தாரியாக இருந்தபோது ஒரு திருவிழாவில் பெரிய மாமியின் மகன் உன்னிடம் ஏதோ சொன்னான். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தாய். ஏனடா என்றேன், ஒன்றுமில்லை என்றாய். மறுநாள் நான் நகைப்பெட்டியைத் திறந்தபோது உன் கண் அதற்குள் போய்வந்ததை நான் கண்டேன். அன்று நான் அழுதது உனக்குத் தெரியாது. நான் அந்தத் தோட்டை எடுக்கவில்லை தம்பி. நீ கேளாமலே எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீயே அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போ. ஆள் விட்டு அழைக்காதே. விதானையார் ஆள் விட்டால் அதற்குள்ளேயே ஊர் தீர்ப்புச் சொல்லிவிடும். போய் இரு, தண்ணீர் தந்தால் வாங்கிக் குடி. அச்சுவேலி முற்றத்தில் மையைக் கேட்டார்கள், சிரட்டையைக் கேட்டார்கள், புளியங்கொட்டையைக்கூடக் கேட்டார்கள். "நீ எடுத்தனியோ?" என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. நீ போய் அவளிடம் கேள்.

உன் அம்மா